மிளகாய்க்கொல்லையின் தலைமாடு

— மறுபடியும் கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க, அண்ணி. உங்க மிளகாயில களைக்கொல்லி எப்படி வந்துச்சு?

— ப்யோ தம்பி, செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காரு. வாசல்ல நின்னு விசாரிக்க நீ என்ன போலீஸா?

— உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. பாருங்க, பரிசோதனைத் தாள் வந்தாச்சு. எட்டுக் குடும்பத்துக்கும் சேத்து ஒரே இயற்கை விவசாயச் சான்றிதழ். நாளைக்கு அதிகாரி வர்றாரு. காரணம் தெரிஞ்சா உங்க வரிசைய மட்டும் தள்ளிடுவாங்க. தெரியலேன்னா எட்டு பேருக்கும் போச்சு.

— மூணு வருஷமா முழங்கால் தேயக் களை பிடுங்குறவ நானு. நானா மருந்தடிப்பேன்?

— மாட்டீங்க. பக்கத்துக் காட்டுலேருந்து காத்துல வந்திருக்குமோ? கிழவர் காங்...

— அந்த ஆளு இந்த வருஷம் வெதைக்கவே இல்ல. காத்தாடி விட்டுக்கிட்டுத் திரியுறாரு, பேரப் பசங்களோட.

— அப்ப எங்கேருந்துதான் வந்துச்சு? தலைமாட்டு வரிசையில மட்டும்தான் இருக்கு, பாருங்க. அண்ணன் சமாதி ஓரமா.

— சமாதிப் புல்லுக்கு மருந்தடிச்சிட்டேன்னு சொல்ல வர்றியாக்கும். சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முன்னாடி அருவாளெடுத்து நானே வெட்டினேன். சியோல்லேருந்து எம்புள்ள போங்ஹீ வரல. பொம்பள சமாதி திருத்துறத ஊரே நின்னு வேடிக்கை பாத்துச்சு.

— மன்னிச்சுக்கோங்க. அந்தச் சமாதி மேட்டப் பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குது. "இயற்கை விவசாயத்துக்கு வாங்கண்ணே"ன்னு நான்தானே அவர இழுத்துட்டு வந்தேன். முதல் வருஷமே வெள்ளாமை போச்சு, மனசொடிஞ்சு மருந்தக் குடிச்சிட்டாருன்னு சொல்லும்போதெல்லாம் ஊரு என் மூஞ்சியத்தான் பாக்குது.

— ஊருக்கு வேற என்ன வேலை.

— பண்டிகையன்னிக்கு அங்க என்ன படைச்சீங்க, அண்ணி?

— பேரிக்கா, கருவாடு, புது அரிசிப் பலகாரம். அப்புறம் மேட்டச் சுத்தி மூணு தரம் சாராயம் ஊத்தினேன்.

— கடையில வாங்கினதா?

— இல்ல. போங்ஹீ அப்பா போட்டு வச்ச ப்ளம் சாராயம். கொட்டகையில பாதிப் புட்டி கெடந்துச்சு. அவரு கடைசியாக் குடிச்சது.

— எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க, அண்ணி.

— ஏன் இப்படி வெளுத்துப்போற?

— ஒண்ணுமில்ல. அண்ணன் நம்ம இயற்கை விவசாயச் சங்கத்துல சேந்தப்ப, வீட்டுல இருந்த களைக்கொல்லி டப்பாவெல்லாம் நான்தான் வந்து வாங்கிட்டுப் போனேன். ஒண்ணு மட்டும் காலி. "இதுல இருந்தது எங்கண்ணே?"ன்னு கேட்டேன். சிரிச்சாரு.

— காசு போட்டு வாங்கினதக் கீழ ஊத்த மனசு வராது அந்த மனுஷனுக்கு. வேற எதுலயாவது ஊத்தி வச்சிருப்பாரு.

— விடுங்க. அதிகாரிகிட்ட நான் பேசிக்கறேன். என் தெளிப்பானக் கழுவாம உங்களுக்குக் குடுத்துட்டேன், அதுல பழைய மருந்து இருந்துச்சுன்னு சொல்றேன். மத்தவங்க தப்பிச்சுக்குவாங்க.

— சங்கத்துல உன் வேலை போயிடுமே?

— போகட்டும். பாருங்க, அண்ணி, அந்தப் புட்டியில இருந்தது வெறும் சாராயம். அண்ணன் செத்தது என்னாலதான். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.

— பண்டிகை முடிஞ்ச பத்தாம் நாளே மேட்டுல புல்லு கருகிடுச்சு, தம்பி.

— வெயிலா இருக்கும்.

— மூணு சுத்து. ஊத்தின தடத்துல மட்டும். மிளகாய்க்கு எறங்கும்னு எனக்கு அப்ப தோணல. எட்டுக் குடும்பத்தையும் நினைக்கல. அந்தப் புட்டியில என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். மூணு வருஷமாத் தூக்கமில்ல எனக்கு.

— அண்ணி, வேணாம்.

— நாளைக்கு நானே சொல்லிடுறேன். சாகணும்னு அவரு நினைக்கல, தம்பி. அன்னிக்குக் களை பிடுங்கிட்டு இடுப்பு விட்டுப்போயி வந்தாரு, ஒண்ணும் வேணாம், படுக்கறேன்னாரு. ஒரு மடக்குக் குடிச்சாத்தான் வலி போகும்னு கட்டாயப்படுத்தி, கொட்டகை இருட்டுல அந்தப் புட்டியத் தடவி எடுத்து, கிண்ணத்துல ஊத்திக் குடுத்தது நான்தான்.