முகவாய்க் குழி

ஒரு பென்சிலையும் ஒரு கத்தி முனையையும் வைத்துக்கொண்டு ஒரு குழந்தைக்குத் தகப்பனை மாற்றியவன், பூமி உருண்டை முழுக்கத் தேடினாலும் நான் ஒருவன்தான். நம்பிக்கை வராது. வர வேண்டாம். ஓய்வு பெற்ற இந்தப் பதினைந்து வருடத்தில் நான் சொன்ன எதையும் எங்கள் தெருவில் யாரும் நம்பியதில்லை. எனக்குப் பெயரே புளுகு மூட்டை.

போட்டோ ஸ்டுடியோவில் நாற்பத்திரண்டு வருடம் டச்சிங் வேலை பார்த்தேன். வேலை ரொம்பச் சுலபம். நெகட்டிவில் பென்சில் வைத்தால் அந்த இடம் படத்தில் வெளுக்கும். கத்தி முனையால் சுரண்டினால் கறுக்கும். பருவை மறைக்கப் பென்சில், வழுக்கையில் முடி வளர்க்கக் கத்தி. நான் சீவிய பென்சில் முனையைப் பார்த்து ஊசிகள் வெட்கப்பட்டு வெளியூர் போயிருக்கின்றன. அம்மைத் தழும்போடு வந்த வக்கீல் ஒருவர், நான் கொடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக் கண்ணாடியை உடைத்தார். கண்ணாடி பொய் சொல்கிறதாம்.

எனக்கு இருபத்தொரு வயதாக இருக்கும்போது அவள் வந்தாள். தட்டச்சுப் பள்ளி அடையாள அட்டைக்குக் கட்டைவிரல் அளவில் ஒரு படம். அரை மணி நேர வேலைக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். இடது கன்னத்தில் இருந்த சின்னத் தழும்பை அழித்தேன். படத்தை வாங்கியவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க, என் தழும்ப எங்க வச்சீங்க?”

“எடுத்துட்டேன்.”

“ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திருக்கலாம்ல?” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எவனாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பான். அதே நெகட்டிவை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, பின்னால் கடிதம் ஒட்டிக் கொடுத்தேன். மறுநாள் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். “நீங்க வரைஞ்சு வச்சிருக்கற பொண்ணு வேற, நான் வேறங்க. அவளையே வச்சுக்கோங்க.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் மன்னித்திருப்பேன்.

அடுத்த வருடம் ஒரு கப்பல் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். என் இரண்டு புருவமும் நடுவில் ஒட்டி ஒரே கோடாக ஓடும். அதைப் பார்த்து எனக்குக் கம்பளிப்பூச்சி என்று பட்டம் வைத்தவனும் அவன்தான். கல்யாணப் படம் எங்கள் ஸ்டுடியோவில் எடுத்தார்கள். அவன் முகவாயில் ஆழமாக ஒரு குழி உண்டு. எல்லா மாப்பிள்ளைக்கும் செய்வதுபோல அவன் முகத்தையும் மெழுகினேன். குழியையும் பென்சிலால் மூடினேன். அது வன்மம் இல்லை, தொழில்.

அவள் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே அவன் தூர தேசத்துக் கப்பல் பட்டறைக்குப் போய்விட்டான். ஏழு வருட ஒப்பந்தம், நடுவில் ஊர் திரும்ப முடியாது. பிறந்தது பெண். அப்பன் முகவாயைக் கழற்றி ஒட்டினாற்போல அதே குழி. வருடம் ஒரு படம் எடுக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வருவாள். ஒரு பிரதி அவளுக்கு. இன்னொன்றை மடங்காமல் அட்டை வைத்துக் கட்டி, ஸ்டுடியோவே நேராக அவனுக்கு அஞ்சல் செய்யும். முதலாளியின் ஏற்பாடு அது. கட்டுவது என் பொறுப்பு.

அவளுடைய பிரதியை முதலில் போட்டுவிடுவேன். அதில் கை வைக்க மாட்டேன். அதன் பிறகுதான் பென்சிலைச் சீவுவேன்.

அவசரப்பட்டால் கெட்டுவிடும். முதல் வருடம் குழியில் பாதியை மட்டும் மூடினேன். இரண்டாம் வருடம் மீதியை. மூன்றாம் வருடம் கத்தியை எடுத்து, புருவங்களுக்கு நடுவே இரண்டே இரண்டு முடி. அடுத்த வருடம் ஐந்து. அடிமேல் அடி வைத்தால் அம்மியே நகரும்போது ஒரு கப்பல் மெக்கானிக் நகர மாட்டானா? ஆறாவது படத்தில் ஒரு குட்டிக் கம்பளிப்பூச்சி ரிப்பன் கட்டிக்கொண்டு சிரித்தது. அந்தப் படத்தை அனுப்ப மனமே வரவில்லை, அவ்வளவு அழகு. எனக்குப் பிள்ளை பிறந்திருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவனிடமிருந்து அவளுக்கு ஒரே வரியில் கடிதம் வந்தது: கம்பளிப்பூச்சியோடயே இருந்துக்கோ. பிள்ளை ஸ்டுடியோ டச்சிங்காரனுடையது என்று தன் அம்மாவுக்கும் ஒரு கடிதம் போட்டிருந்தான், அந்த அம்மாள் அதைத் தெருத் தெருவாக வாசித்துக் காட்டினாள். அவள் எழுதிய பதில்கள் பிரிக்கப்படாமல் திரும்பின. அடுக்கினால் கூரையைத் தொட்டிருக்கும். அவன் திரும்பவே இல்லை. வேறு துறைமுகத்தில் வேறு குடும்பம் வைத்து அங்கேயே செத்தும் போனான். அவன் ஏன் அப்படி எழுதினான் என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நான் நாலு தெரு தள்ளித்தான் இருந்தேன். அவள் வருவாள் என்று பல வருடம் காத்திருந்தேன். வரவில்லை. அவ்வளவு கர்வம்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கதவைத் தட்டியது அந்தக் குழந்தைதான். ஐம்பது வயதாகிவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அம்மா போன மாசம் போயிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். நீங்கதானே எங்கப்பா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மகள் கிடைத்திருப்பாள். ஆனால் ஐம்பது வருடமாக, செய்த வேலையை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையே என்ற குறை எனக்கு. பென்சிலில் தொடங்கி ரிப்பன் வரைக்கும் சொன்னேன்.

அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள். “புளுகு மூட்டைன்னு சும்மாவா சொல்றாங்க. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறீங்களே. படத்தப் பாத்து யாராவது பொண்டாட்டிய விடுவாங்களா?”

“பிள்ளைய அவன் படத்துல மட்டுந்தானேம்மா பாத்தான்.”

“எனக்குப் பதினேழு வயசுல ஒருத்தன் இருந்தான். உங்களுக்குத் தெரியாது. அவனோட அம்மா ஊர்ல விசாரிச்சிட்டு வந்து, அப்பன் யாருன்னு தெரியாத பொண்ணு வேணாம்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு அம்மாகிட்டக் கேட்டேன். கல்யாணப் படத்தக் காட்டி, இவர்தான் உங்கப்பான்னு சத்தியம் பண்ணாங்க. அந்த முகத்துல என் சாடை துளி கிடையாது. அன்னைக்கே வீட்ட விட்டுப் போயிட்டேன்.”

தெரியாது என்று அவள் சொன்னது தவறு. அந்தப் பையனின் அம்மா ஸ்டுடியோவுக்கே வந்து, “நெஜமா உங்க பொண்ணா?” என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் புருவத்தைத் தடவிக்கொண்டு சிரித்தேன். வாயால் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். நம்பாமலே போய்விடுவாள் போலிருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

ஸ்டுடியோவை மூடியபோது அவர்களுடைய நெகட்டிவ்களை மட்டும் நான் எடுத்து வந்திருந்தேன். அலமாரியைத் திறந்து அவள் அம்மாவின் கல்யாண நெகட்டிவை எடுத்தேன். கத்தி சுரண்டியது காலத்துக்கும் போகாது. பென்சில் அப்படியில்லை, டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் வந்துவிடும். பஞ்சை அவள் கையில் கொடுத்தேன்.

“நானே துடைச்சா ஏமாத்தறேன்னு சொல்லுவ. மாப்பிள்ளை முகவாயில மெதுவா வையி.”

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் துடைத்தாள். பஞ்சு சாம்பல் நிறமானது. நெகட்டிவில் நிழல்தான் வெளிச்சமாகத் தெரியும். அந்த மனிதனின் முகவாய் நடுவில் கண்ணாடிபோல ஒரு கீற்று திறந்தது. அவள் நிறுத்தாமல் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும். பிறகு இடது கை தானாக மேலே போய் அவளுடைய முகவாய்க் குழியில் நின்றது.

“எப்படி வேலை?” என்று கேட்டேன்.

நெகட்டிவைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

“நெஜமாவே நடந்திருக்கு. அம்மா பொய் சொல்லவே இல்ல.”