ஏழு கிலோ, நாலு ஜிப்பு

அதான் மன்னிப்புக் கேட்டேனேண்ணே. பெட்டி அடுக்கு சாஞ்சது நிஜம்தான், நான்தானே குனிஞ்சு மறுபடி அடுக்கியும் வச்சேன். பாதி வாசலை அடைச்சு வச்சிட்டு, கண்ணை எங்க வச்சிட்டு வர்றேன்னு என்னைக் கேக்குறீங்க. சரி விடுங்க, வேலைக்கு வருவோம்.

இந்தப் பைதான். சீனியர் அக்கா ஒருத்தங்க பாதி விலைக்குக் குடுத்தாங்க. முதுகுப் பட்டை ஓரத்துல பிரிஞ்சிருக்கு, ரெட்டைத் தையலாப் போடுங்க. அப்புறம் இந்த நாலு ஜிப்பு. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொண்ணு கட்டித் தொங்க விடணும். இதுல பட்டன், இதுல வளையம், இதுல கயித்துல ஒரு முடிச்சு, பாஸ்போர்ட் வைக்கிற உள் ஜிப்புல ரெண்டு முடிச்சு. ஃபேஷனா? நல்லாக் கேட்டீங்க போங்க. கலர் நூலெல்லாம் வேணாம், தடவினா வித்தியாசம் தெரியணும், அவ்வளவுதான். நான் தங்கப் போறது பத்துப் பேர் படுக்கிற அறை. எனக்கு மேல் கட்டில், அதுதான் மலிவு. அங்க ராத்திரி லைட்டைப் போட்டு ஜிப்பைத் தேடினா, ஒன்பது பேரும் ஒன்பது பாஷையில திட்டுவாங்க.

ஆமா, வெளிநாடுதான். தனியாத்தான். இருபத்திரண்டு நாள், ஆறு ஊரு, ஊருக்கு ஊரு பஸ்சு. ஃபிளைட்ல ஏழு கிலோவுக்கு மேல ஒரு சீப்பு சேந்தாலும் விட மாட்டான், அதனால ரெண்டு பேண்ட்டு, மூணு சட்டை, ஒரு துண்டு, ஒரு டார்ச்சு. காசா? கண்ணாஸ்பத்திரியில ஆறு மாசம் டிரெய்னிங் முடிச்சேன். படிக்கிற புள்ளைங்களுக்குக் குடுக்கிற உதவித்தொகைதான், அதைத் தொடவே இல்ல. போக வர நடைதான். யார் வீட்டுக் காசுலயும் நான் போகல.

வீட்டுலயா? போகாதேன்னு யாரும் சொல்லலைண்ணே. சொல்லியிருந்தா சண்டை சுலபம். எல்லாரும் கூட வர்றேங்குறாங்க, அதுதான் தொல்லை. அப்பா லீவு எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கிறாரு. காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனுஷன். அக்கா என்னடான்னா, நல்ல ஓட்டலாப் போட்டு, கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்ற டூருக்கு நானே கட்டுறேங்குறா. அம்மா அழறாங்க. நாலு நல்ல இடத்தைப் பாத்துட்டு வாடி, ஆனா தனியா வேணாங்குறாங்க. நீதானேம்மா வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சொல்வே, எனக்கென்ன வாய்க்கா பஞ்சம்னு கேட்டேன். அதுக்கும் அழறாங்க. முடியாதுன்னா முடியாதுன்னுட்டேன்.

மெஷினை எதுக்கு நிறுத்துறீங்க? தைங்க, தைங்க.

இந்தப் பிளானே ரெண்டு பேர் போட்டதுதான். என்கூட டிரெய்னிங்ல இருந்தவ, ஒரே வகுப்பு. மதியத்துல, நோயாளிங்க படிக்கிற எழுத்துப் பலகை இருக்கே, அதுக்குக் கீழ தரையில உக்காந்து எழுதுவோம். எந்த ஊர்ல எத்தனை நாள், எந்த பஸ்சு, எங்க துணி தொவைக்கலாம், எல்லாம் அவ கையெழுத்து. டிக்கெட்டும் சேந்துதான் போட்டோம். போன மாசம் ஆஸ்பத்திரி வாசல்ல ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடிச்சா. விளையாட்டுக்கில்ல. வயசானவங்களைப் பிடிக்கிற மாதிரி, முழங்கைக்கு மேல. அன்னைக்கே அபராதம் கட்டி என் டிக்கெட்டைப் பத்து நாள் தள்ளிப் போட்டுட்டேன். அவ இன்னும் என்கூடப் பேசல. கஷ்டமாத்தான் இருக்கு, இல்லேன்னா பொய். ஆனா அவ வந்தா, இருபத்திரண்டு நாளும் அந்தக் கையை விட மாட்டா.

ஏன் பிடிச்சாளா? அவதானேண்ணே முதல்ல கண்டுபிடிச்சது. முதல் வாரம், ஒருத்தரையொருத்தர் பரிசோதிச்சுப் பழகுங்கன்னு மேடம் சொன்னாங்க. கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். தாடையை வச்சுக்கிட்டு நடுவுலயே பாக்கணும், சுத்தி எங்க புள்ளி மின்னினாலும் பட்டனை அமுக்கணும். நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன், இவ, தூங்குறியாடி, அமுக்குடின்னு கத்துறா. புள்ளி தெரிஞ்சாத்தானே அமுக்க! மெஷின்தான் கோளாறுன்னு மேடம் பக்கத்து மெஷின்ல உக்கார வச்சாங்க. அதுலயும் அதேதான். ஓரமெல்லாம் போயிட்டிருக்காம்ண்ணே. நடுவுல பளிச்சுன்னு தெரியும், இதோ உங்க ஊசிக் காது தெரியுது. அதுக்கு ரெண்டு பக்கமும் சுத்தி இருக்கிறதுதான் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா நடுவும் போயிடும். அஞ்சு வருஷமோ பதினஞ்சு வருஷமோ, பெரிய டாக்டருக்கே சொல்லத் தெரியல.

அதுக்குள்ள உலகத்தைப் பாத்துடலாம்னு போறேன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. நீங்களும் அதான் நினைக்கிறீங்க, மூஞ்சியில எழுதியிருக்கு. பாக்குறதுக்குன்னா அக்கா சொன்ன டூருக்கே போயிருப்பேனே. நான் பழகப் போறேண்ணே. போர்டு படிக்கத் தெரியாத ஊர்ல, யாருன்னே தெரியாத ஆளை நிறுத்தி, இந்த பஸ்சு எங்க போகும்னு கேக்கப் பழகணும். தப்பான எடத்துல இறங்கிட்டா திரும்பி வரப் பழகணும். இருட்டுல என் சாமானை நானே எடுக்கப் பழகணும். பின்னால தினமும் செய்ய வேண்டியதுதானே, கண்ணு துணைக்கு இருக்கும்போதே செஞ்சு பாத்துடுறேன். வெள்ளம் வர்றதுக்கு முன்னாலதானே அணை போடணும்?

பாத்தீங்களா, இதுக்குத்தான் நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கிறதில்ல. காசை வாங்குங்க. முதல்ல என்ன ரேட்டு சொன்னீங்களோ அதை வாங்குங்க, குறைச்சா எனக்குக் கோவம் வரும். பையை நானே மாட்டிக்குவேன். ம், பட்டன், வளையம், முடிச்சு, ரெட்டை முடிச்சு. நல்லாக் கட்டியிருக்கீங்க. வாசல் வரைக்கும் வர வேணாம், வெளிய மூணு படி, வரும்போதே எண்ணிட்டேன்.

அய்யோ, அந்தப் பெட்டி அடுக்கை எதுக்கு உள்ள தள்ளுறீங்க? வைங்கண்ணே. எங்க இருந்துச்சோ அங்கயே, பாதி வழியிலயே வைங்க. போற ஊர்ல எனக்காக எவன் பெட்டியை நகர்த்தி வைக்கப் போறான்? தலையை நல்லாத் திருப்பிப் பாத்து நடக்கணும், வரும்போது அவசரத்துல மறந்துட்டேன். நீங்க உக்காந்த இடத்துலயே உக்காந்து பாருங்க. இந்தத் தடவை இடிக்காமப் போறேன்.