மாடிவீட்டு மாமி சரிசெய்த சோப்பு

ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஒரு கிலோ இருக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். தொள்ளாயிரத்துச் சொச்சம் கிராம்தான் இருக்கும். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாடம்பாக்கத்தில் வீட்டிலேயே சோப்பு காய்ச்சும் பெண்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. செய்முறையில் கிலோ என்று இருக்கும், இவர்கள் லிட்டரில் வாங்கி வந்து, இரண்டும் ஒன்றுதானே என்று ஊற்றிவிடுவார்கள். எண்ணெய் குறைந்தால் காஸ்டிக் சோடா மிஞ்சும். மிஞ்சினால் தோலைத் தின்னும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

நான் பம்மலில் ஒரு தோல் கம்பெனியின் லேபில் சுண்ணாம்பும் காரமும் எடைபோட்டே தலை நரைத்தவள். ஓய்வு பெற்றபின் ஜெயவேலு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன், தனியாக. அக்கம்பக்கத்தில் யாருக்குச் சோப்பு கெட்டாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். வெடித்தது, வெள்ளை பூத்தது, களி மாதிரி நின்றது என்று எல்லா அலங்கோலத்தையும் பார்த்தாயிற்று. துருவி, உருக்கி, விட்டுப்போன எண்ணெயைச் சேர்த்துக் கிளறி, மறுபடி அச்சில் ஊற்றிக் கொடுப்பேன். வருகிறவர்கள் அத்தனை பேரும் பட்டம் வாங்கியவர்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இவர்களில் மகா மோசம் கீழ்வீட்டு அனுப்பிரியா. ஜெயவேலுவின் மருமகள். ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் விளைத்துப் படியால் அளந்த குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்று வீட்டை உயர்த்திக்கொண்டார்கள், புத்தி மட்டும் அந்தப் படிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு மாளவிகா என்று ஒரு கைக்குழந்தை, இப்போதுதான் உட்காரப் பழகுகிறது. கடைச் சோப்பில் கெமிக்கல் இருக்கிறதாம், குழந்தைக்கு ஆகாதாம். அதனால் காஸ்டிக் சோடா வாங்கி வந்து தானே காய்ச்சினாள். நான் சிரிக்கவில்லை. இவர்களிடம் சிரித்தால் உறவு கொண்டாட ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் தடவை காஸ்டிக் சோடாவை டம்ளரால் அளந்திருந்தாள். "தலை தட்டித்தான மாமி எடுத்தேன், அப்புறம் இன்னா?" என்று என்னையே கேட்டாள். தலை தட்டிவிட்டால் துல்லியமாம். அடுத்த தடவை இந்த லிட்டர், கிலோ கூத்து. அதற்கடுத்து, எடைபோடுகிறேன் பேர்வழி என்று எண்ணெயைப் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திரத்தின் எடையைக் கழிக்காமல் விட்டாள். எவர்சில்வரும் சேர்த்துச் சோப்பாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. ஒவ்வொரு தடவையும் சரிசெய்து கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன் மாமி" என்பாள். நன்றி சொல்லிவிட்டால் முட்டாள்தனம் கழுவிப் போய்விடும் என்று இவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

போன மாதம் புதிதாக ஒரு தட்டுச் சோப்போடு மாடியேறி வந்தாள். முகமெல்லாம் பல்.

"இந்த வாட்டி புதுத் தராசு மாமி. எல்லாத்தையும் கிராம்லதான் எடுத்தேன். நீங்க ஒரு வாட்டி பாத்து சரின்னு சொல்லிட்டா போதும். இனிமே உங்களுக்குப் பேஜாரே இல்ல" என்றாள்.

நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். காரம் தூக்கலாக இருக்கிறது, வைத்துவிட்டுப் போ, சரிசெய்து தருகிறேன் என்றேன். அவள் முகம் தொங்கிப்போயிற்று. தட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அதைத் துருவி உருக்கினேன். இந்த முறை நான் சேர்த்தது எண்ணெய் அல்ல, காஸ்டிக் சோடாக் கரைசல். எவ்வளவு என்று கேட்டால் கிராம் கணக்கில் சொல்வேன். நான் கண் திட்டத்துக்கு எதையும் செய்கிறவள் இல்லை. அச்சில் ஊற்றி, இறுகியதும் துண்டு போட்டு, நல்ல துணியில் சுற்றிக் கொடுத்தேன். செய்கிற தப்பையெல்லாம் யாராவது துடைத்துக்கொண்டே இருந்தால் ஜென்மத்துக்கும் உறைக்காது. உறைக்கவேண்டும் என்று நினைத்தேன்.

அது குழந்தைக்கான சோப்பு என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஒவ்வொன்றின் மேலும் குச்சியால் "மா" என்று கீறியிருந்தாள். துருவும்போது முதலில் போனது அதுதான்.

தன் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் குழந்தைக்குப் போடுவாள் என்று கணக்குப் போட்டேன். அந்த அறிவாவது இருக்கும் என்று எதிர்பார்த்தது என் பிழை. மாமி பார்த்துக் கொடுத்ததாயிற்றே என்று நேராகத் தலையிலிருந்து தேய்த்துவிட்டாள். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை வீறிட்டது. அது சோப்புக்கு அழுகிற அழுகை இல்லை என்று கேட்டதுமே தெரிந்தது. காரம் பட்டால் விடாமல் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று அவளுக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கீழே எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்களே தவிர, குழாய் சத்தம் கேட்கவில்லை. இறங்கிப் போய் இன்னொரு தடவை பாடம் எடுக்க எனக்குப் பொறுமை இல்லை. மிச்சத் துணியையும் காயப்போட்டேன்.

தோல் ஆறிவிடும் என்கிறார்கள். வலது கண்ணைப் பற்றி டாக்டர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். போகாமல் இருப்பது நன்றாக இருக்காது. அனுப்பிரியாவின் கையிலும் கட்டு. என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "நான் எதைத் தப்பா அளந்தேன் மாமி? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், தெரியலையே" என்றாள். எண்ணெயைக் குறைத்துவிட்டாய் என்றேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்க பேச்சக் கேட்டு ஒழுங்கா அளந்திருந்தா எம்புள்ளைக்கு இப்படி ஆயிருக்குமா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். புடவை கசங்கியது.

அவள் மாடிக்கு எடுத்து வந்தபோது அந்தச் சோப்பில் என்ன பிழை இருந்தது என்று இதோடு இரண்டாம் முறை கேட்கிறீர்கள். ஒரு பிழையும் இல்லை, மேடம். அளவு அத்தனையும் சரி, காரம் துளிகூட மிஞ்சவில்லை. எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள், அது தவறு. ஏதோ ஒரு தடவை சரியாக வந்துவிட்டதை வைத்து, தனக்கு எல்லாம் தெரியும் என்று அந்தப் பெண் நினைத்துவிடக் கூடாதே என்கிற அக்கறையில்தான் செய்தேன்.