குழிக்குள் போன வீட்டுக்காரர்

ஹலோ... நான்தாம்மா, எதிர்வீட்டு அக்கா... ஆமாமா, நல்லாத்தான் இருக்கேன். நீ இன்னும் அந்த மண் பரிசோதனை ஆபீஸ்லதான் உக்காந்திருக்கியா?... எவ்வளவு உரம் போடணும்னு எழுதற சீட்டு வரலையா? வந்தா என்ன, வராட்டி என்ன, உன் வீட்டுக்காரர் வேலையை ஆரம்பிச்சாச்சு!... எந்த வேலையா? சாணிக் குழியைத் திறந்து, இன்ஜின் வெச்சுக் கலக்க ஆரம்பிச்சுட்டாரு. எங்க மாடியிலேர்ந்து பார்த்துக்கிட்டேதானே பேசறேன்...

நீ வர்ற வரைக்கும் தொடக்கூடாதுன்னு சொன்னியா?... சரி, சரி, கோவிச்சுக்காதே. காலையில நான்தான் சும்மா ஒரு வார்த்தை கேட்டேன், 'இந்த மாட்டுப் பண்ணைக்கு முதலாளி நீங்களா, உங்க பொண்டாட்டியா'ன்னு... விளையாட்டுக்குத்தாம்மா! மனுஷனுக்கு மூஞ்சியே சிவந்து போச்சு...

ஆமா, ஆமா, தெரியும். சாணியை மூடி வெச்சா காத்து கெடாது, மண்ணு கேக்கற அளவுதான் உரம் போடணும்... நீ பயிற்சிக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து எங்க வீட்டுப் பூனைக்குக்கூட மனப்பாடம். ஆனா அந்தத் தார்ப்பாயை உருவினாரு பாரு, அப்பப்பா! அழுகின முட்டை நாத்தம். நான் இங்க மாடியிலேயே மூக்கைப் பொத்திக்கிட்டேன், அவரு என்னடான்னா கொஞ்ச நேரத்துல குழி ஓரத்துல நின்னுக்கிட்டு 'நாத்தமே போயிடுச்சுக்கா'ன்னு கத்தறாரு! அவரு மூக்கு எதுல செஞ்சதோ... ஏம்மா கத்தறே?...

என்னது?... மெதுவா சொல்லு... நாத்தம் போகலையா? மூக்கு மரத்துப் போச்சா?... விஷக் காத்தா?...

அவரா?... அப்புறம் சாணியைக் கலக்குற தண்டு சுத்தலைன்னு ஏணி வெச்சு உள்ளே இறங்கினாரு... பத்து நிமிஷம் இருக்கும்... இல்ல, ஏறி வரல... குரலும் இல்ல. இன்ஜின்தான் டுபுடுபுன்னு ஓடுது...

அழாதேம்மா. என்ன பண்றாருன்னு பார்த்துட்டு வர, உனக்குப் போன் போடறதுக்கு முன்னாடிதான் எங்க வீட்டுக்காரரை அனுப்பினேன். அதோ, குழிகிட்ட... என்ன? அவரும் இறங்கக்கூடாதா?... இறங்கினா?...

என்னங்க! ஏங்க! இறங்காதீங்க! இங்க பாருங்க!...

இன்ஜின் சத்தத்துல கேக்கலைம்மா... நிமிர்ந்து பார்த்தாரு... கையை ஆட்டிட்டுச் சிரிக்கிறாரு. நான் எப்பவும் மாடியிலேர்ந்து கத்தறவதானே...

ஏணியில கால் வெச்சுட்டாரு... தீயணைப்புக்கு நீ கூப்பிடு. நான் ஓடறேன்... நானும் கிட்டப் போகக்கூடாதா?... அப்போ யாரும்மா போறது?... ஹலோ?...

தலை மறைஞ்சிடுச்சும்மா.