சின்ன லேத்துக்கு ஒரு டூல் ஹோல்டர்

"கல்லறைத் திருநாளே வந்துடும் போலிருக்கு, இந்த டூல் ஹோல்டரு மட்டும் கெடைக்க மாட்டேங்குது."

தட்டாஞ்சாவடியில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த இருவரில், துணிப்பை வைத்திருந்தவர் சொன்னது இது. கல்லறைக்கும் லேத்துக்கும் என்ன சம்பந்தம்? காதைத் தீட்டிக்கொண்டேன். கூட வந்தவர் சட்டை முழுக்கப் பட்டறை எண்ணெய்.

"என்னா சைஸு கேட்ட?"

"எட்டு எம்.எம். எல்லாக் கடையிலயும் பெரிய மிஷினுக்குத்தான் வெச்சிருக்கான். போன வாரம் பன்னெண்டு எம்.எம். வாங்கிட்டுப் போயி மாட்டிப் பாத்தேன். அதுல புடிக்கற உளியோட நுனி சென்டருக்கு மேல நிக்குது. பித்தளைய வெட்டல, சும்மா தேய்க்குது."

"மாடியில வெச்சிருக்கியே, அந்தப் பொம்ம லேத்துக்கா?"

"பொம்மன்னு சொல்லாதப்பா. பாப்பா மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தது."

எண்ணெய்ச் சட்டைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவ கல்லறையில வெக்கத்தான் மெழுகுவத்தி ஸ்டாண்டு செய்யறியா?"

"ஆமா."

"அந்தப் பித்தளைய எங்கிட்ட குடு ஜோசப்பு. பட்டறையில பெரிய லேத்து சும்மாதான் நிக்குது. பத்து நிமிஷத்துல கடைஞ்சு குடுத்துர்றேன்."

சிக்னலில் பஸ் நின்றது. ஜோசப் துணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்பா. அப்புறம் நான் என்னா பண்றது?"