கறுத்த திரையில் இரண்டு முகங்கள்

அந்த டிவி அவ்வளவு விலைக்குத் தகுமா என்று ஜீப்பில் வரும்போது கேட்டீர்கள், மேடம். விசாரணைக்காகக் கேட்டீர்களா, உங்கள் வீட்டுக்கு வாங்க நினைத்துக் கேட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கத்தான் என்றால் நல்லது. அதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியும்.

நான் டிவி கம்பெனியில் வேலை செய்கிறேன். சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறினால் இருபது நிமிடம். அங்கே ஒரு இருட்டறை உண்டு. லைனில் வரும் டிவியை அதற்குள் தள்ளி, திரையை முழுக்கக் கறுப்பாக்குவார்கள். எந்த மூலையிலாவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது என் வேலை. நாங்கள் செய்வது சாதாரண டிவி. அதில் படத்துக்குப் பின்னால் எப்போதும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு வரும்போது அதை மூடி மறைக்கிறார்கள், அவ்வளவுதான். எவ்வளவு மூடினாலும் சாம்பல் பூத்த மாதிரிதான் இருக்கும். நான் குடியிருக்கும் செங்கமலம் அக்கா வீட்டில் இருப்பது ஓஎல்இடி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு என்றால் அங்கே எதுவும் எரியவில்லை என்று அர்த்தம்.

ஒரு குறை உண்டு. ஒரே படத்தை வெகுநேரம் நிறுத்தி வைத்தால் அது திரையிலேயே தங்கிவிடும். திரையில் ஜன்னலோரம் ஒரு பெண் முகம் கறைபோல் தெரிகிறதே என்று நீங்கள் காட்டியது அதுதான். பொதுவாக இப்படி ஆகாது. படம் அசையாமல் நின்றால் டிவி தானாக மங்கிவிடும். அப்படி மங்குவது அக்காவுக்குப் பிடிக்காது. "இன்னாடி, இவ்ளோ காசு குடுத்தும் தூங்கி வழியுது" என்பார். அந்த அமைப்பை நான்தான் அணைத்து வைத்தேன். வெளிச்சத்தையும் கடையில் வைப்பதுபோல் உச்சத்தில் வைத்தேன். கறைக்கு டிவி பொறுப்பில்லை.

எனக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். பெயர் இசக்கிசெல்வி. அது உங்களிடம் எழுத்தில் இருக்கிறது. முதலில் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தேன். ஒரு அறையில் பன்னிரண்டு பேர், மூன்று ஷிப்ட். நான் உள்ளே நுழையும்போது பாதிப் பேர் போர்வைக்குள் இருப்பார்கள், மீதிப் பேர் வேலையில் இருப்பார்கள். என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவளின் முகம் கடைசிவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அவளுடைய கொலுசுச் சத்தம் தெரியும். கம்பெனியிலோ பகல் முழுக்கக் கறுப்பைப் பார்த்தபடி இருப்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டால் விவரம் சொல்ல வேண்டுமே என்று சொல்கிறேன்.

பகல் ஷிப்ட் நிரந்தரமானதும் அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறைக்கு வந்தேன். முதல் நாள் 'அம்மா' என்றுதான் கூப்பிட்டேன்.

"அம்மான்னு கூப்டாத புள்ள, கெழவி மாதிரி கீது. அக்கான்னு சொல்லு" என்றார்.

"சரிக்கா."

"துன்னியா?"

"தின்னாச்சுக்கா."

"நான் கேட்டா சரி. நீ தின்னாச்சுன்னு சொல்ற பாரு, வைக்கலு தின்ன மாடு மாதிரியே கீது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த ஊருக்கு வந்து சத்தமாகச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அக்காவின் கணவர் இறந்துவிட்டார். நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. ஒரே மகன் பிரசன்னா கனடாவில் இருக்கிறார். போன வருடம் வந்தபோது இந்த டிவியை வாங்கிச் சுவரில் மாட்டினார். 'அம்மாவுக்குத் துணையா இருக்கும்' என்று சொன்னாராம். அக்காவுக்கு அதை இயக்கத் தெரியவில்லை. ஒரு நாள் மாடிப்படியில் நின்று, "ஏ கம்பெனிக்காரி, உங்க ஜாதி பொட்டி ஒண்ணு இங்க மொறச்சினு நிக்குது, வந்து இன்னான்னு கேளு" என்று கூப்பிட்டார். அதன் பிறகு தினமும் சாயங்காலம் நான் கீழே வந்துவிடுவேன்.

தமிழில் பேசும் ஒரு கொரியத் தொடரை நாங்கள் பார்த்தோம். தீவு ஒன்றில் துணி வெளுக்கும் கடை வைத்திருக்கும் பெண், படகில் போன ஒருவனுக்காகக் காத்திருப்பாள். "பாரேன், நம்ம சத்திரம் பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரியே நிக்கறா. அவன் வரமாட்டான், ஷேர் ஆட்டோ புடிச்சினு போடி" என்று அக்கா அவளிடமே சொல்வார். எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. ஒருவரை விட்டு ஒருவர் அடுத்த பாகம் பார்க்கக் கூடாது. எனக்கு ஓவர்டைம் இருந்த நாட்களில் அக்கா டிவியையே போடாமல் உட்கார்ந்திருப்பார். எனக்காக ஒருவர் எதையாவது பார்க்காமல் இருந்தது அதற்கு முன் நடந்ததில்லை.

அந்தத் தொடரில் ஒரு காட்சி முடிந்து இன்னொன்று தொடங்கும் முன் திரை முழுக்கக் கறுத்துவிடும். அப்போது கண்ணாடியில் எங்கள் இரண்டு முகங்களும் தெரியும். இடது பக்கம் அக்கா, வலது பக்கம் நான். சோபாவில் எவ்வளவு தள்ளி உட்கார்ந்தாலும் அந்தக் கறுப்பில் நெருக்கமாகத்தான் தெரிவோம். சாதாரண டிவியில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. நான் அதற்காகக் காத்திருப்பேன். கதையை அக்கா பார்த்தார். நான் கறுப்பைப் பார்த்தேன்.

தை பிறந்ததும் பிரசன்னா சார் போன் செய்தார். அவர் மனைவி கனிஷ்காவுக்கு வைகாசியில் பிரசவம். அம்மா வந்து உடன் இருக்க வேண்டும். வீட்டை ஹாஸ்டல் நடத்தும் ஒருவருக்கு மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்றார். அக்கா அன்று சாமி படத்துக்கு இரண்டு விளக்கு ஏற்றினார்.

"நீயும் வேற ரூம் பாத்துக்க புள்ள. மனசுக்குக் கஷ்டமாத்தான் கீது. இன்னா பண்றது, மொதல் பேரப்புள்ள" என்றார். "அங்க பனி கொட்டுதாம். நான் ஸ்வெட்டரு போட்டா கரடி மாதிரி இருக்கமாட்டேன்?"

"நல்லாத்தான் இருப்பியக்கா."

"டிவிய என் தங்கச்சி வூட்டுக்குக் குடுத்துடப் போறேன். அரக்கோணத்துல அவளுக்கு இன்னா தெரியும் இதோட அருமை."

அதில் தப்பு ஒன்றும் இல்லை. மகன் கூப்பிட்டால் போகத்தானே வேண்டும். மாடிக்குப் போய் என் பெட்டியைப் பார்த்தேன். ஹாஸ்டலிலிருந்து கொண்டுவந்த கயிறு இன்னும் அதில் கட்டியபடியே இருந்தது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனது. தொடரில் அந்தப் பெண் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவளும் தீவை விட்டுக் கிளம்பிவிட்டாள். அக்கா ஏதோ சொல்ல வந்தார், சொல் வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கை மடியில் கிடந்தது. இடது கையைத் தூக்கி டீப்பாய் பக்கம் நீட்டினார். டீப்பாய் மேல் அவருடைய போனும் ரிமோட்டும் இருந்தன. நான் ரிமோட்டை எடுத்துக் கையில் வைத்தேன். அது நழுவி விழுந்தது. மறுபடியும் நீட்டினார். மறுபடியும் ரிமோட்டைத்தான் வைத்தேன். பிறகு நானே அதை வாங்கிப் படத்தை நிறுத்தினேன். அக்கா சரியானதும் விட்ட இடத்திலிருந்து சேர்ந்து பார்க்கலாம் என்று நினைத்தேன்.

ஏன் ஆம்புலன்சுக்குச் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். நூற்றெட்டு எனக்குத் தெரியும், மேடம். கம்பெனியில் அதற்கு வகுப்பே எடுத்திருக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அரக்கோணத்துத் தங்கை வருவார், மகன் வருவார், வீட்டைப் பூட்டுவார்கள். ஐ.சி.யு.வில் அக்காவைத் தனியாகப் படுக்க வைப்பார்கள். பக்கத்தில் யாரையும் விடமாட்டார்கள். வீட்டில் நான் இருந்தேன்.

நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். சோபாவிலேயே தலையணை வைத்துச் சாய்த்தேன். காலையில் துடைத்துவிட்டு வேறு நைட்டி மாற்றினேன், தலை வாரினேன். ஸ்பூனில் கஞ்சி கொடுத்தேன். பாதி வெளியே வழியும், மீதி இறங்கும். ஏசி போட்டு வைத்தேன். ஷிப்டுக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனேன். வெளியூர் ஆட்கள் நடமாடும் தெரு, பயமாக இருந்தது. போனையும் என்னோடு எடுத்துக்கொண்டேன். அக்கா தினமும் காலையில் மகனுக்கு ஒரு வணக்கப் படம் அனுப்புவார். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு, சனிக்கிழமை பெருமாள், மற்ற நாட்களில் ரோஜாப்பூ. அதை நான் விடாமல் அனுப்பினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் அனுப்பினார். ஒரு தடவை அவரே கூப்பிட்டார். எடுக்கவில்லை. 'தொண்ட கட்டிகிச்சிபா பேச முடில' என்று அக்கா எழுதுவதுபோலவே எழுதினேன். 'டேக் கேர் மா' என்று வந்தது, கூடவே ஒரு கட்டைவிரல். அவரைக் குறை சொல்லவில்லை. அங்கே அவருக்கும் வேலை இருக்கும்.

தண்ணீர் கேன் போடும் சுப்பிரமணி அண்ணன்தான் முதலில் சந்தேகப்பட்டார். அவருக்கும் அக்காவுக்கும் தினம் ஒரு சண்டை நடக்கும். கேன் மூடி ஒழுகுகிறது என்று அக்கா உள்ளிருந்தபடியே திட்டுவார், அவரும் கேட்டுக்கு வெளியே நின்று பதில் சொல்வார். எனக்கு வார விடுமுறையாக இருந்த அன்று வந்தார். கேட்டிலேயே கேனை வாங்கிக்கொண்டேன்.

"இன்னாமா, வூடு கம்முனு கீது? அக்கா இல்ல?"

"படுத்துருக்காவண்ணே. தலவலி."

அவர் என் தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தார். "டிவி ஓடுது, சத்தமே காணோம்?"

"சத்தத்தக் கொறச்சு வச்சிருக்கு."

அடுத்த தடவை நான் வேலை முடிந்து பூட்டைத் திறக்கும் நேரத்துக்கு வண்டியோடு நின்றிருந்தார்.

"தலவலி இன்னும் போவலயாமா? டிவில அதே பொம்பள கீறாளே. போன தபா வந்தப்பவும் அவதான் குந்தினு இருந்தா."

"அது விளம்பரம்ணே."

"இன்னா விளம்பரம்மா அது, கண்ணக்கூட சிமிட்டல" என்றார். பிறகு கேனைத் தூக்கிக் காட்டி உள்ளே பார்த்துக் கத்தினார். "அக்கா, இன்னிக்கி ஒழுவுற கேன்தான் எத்தினு வந்துகீறேன். வந்து திட்டு."

பதில் வருகிறதா என்று காதைக் கொடுத்து நின்றார். தண்ணீர் படியில் சொட்டியது. மறுபடி கத்தினார். கடைசியில், "எக்கா, ஒரு வார்த்தை திட்டுக்கா" என்றார். பிறகு கேனை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். நான் உள்ளே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் வந்தபோது நான் இருந்த இடம் அதுதான்.

அக்கா எப்போது போனார் என்று டாக்டர் சொன்னதை நான் மறுக்கவில்லை. அவர் படித்தவர். ஆனால் எனக்கு அது தெரியவில்லை. ஒரு சாயங்காலம் கஞ்சி கொஞ்சமும் இறங்கவில்லை. பசி இல்லைபோல என்று கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டேன். முகம் டிவி பக்கம்தான் இருந்தது. கண்ணும் திறந்துதான் இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் இன்னும் கேட்கவில்லை. ஆனால் மாத்திரை டப்பாவை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். எப்படியும் தெரியத்தான் போகிறது.

அக்காவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. கிழமை எழுதிய டப்பாவில் மாத்திரை நிரப்பி வைப்பது நான்தான். அவருக்குச் சின்ன எழுத்து தெரியாது. விமானத்தில் போகும் முன் டாக்டரிடம் காட்டி, அழுத்தம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கி வரச் சொல்லியிருந்தார் பிரசன்னா சார். விளக்கு ஏற்றிய மறு வாரத்திலிருந்து அந்த டப்பாவில் சத்து மாத்திரையை வைத்தேன். எங்கள் கம்பெனியில் கொடுப்பது. அதுவும் வெள்ளை, அதே அளவு. கெடுதல் ஒன்றும் செய்யாது. அழுத்தம் கொஞ்சம் ஏறினால் இந்த வருடம் போக வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பிரசவம் யார் இல்லாவிட்டாலும் நடக்கும். தொடரில் மிச்சம் இருந்தது.

அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். விலை தகுமா? விற்பவர்கள் நிறத்தைப் பற்றிச் சொல்வார்கள், நம்பாதீர்கள். நிறம் எல்லா டிவியிலும் நன்றாகத்தான் வருகிறது. கறுப்புக்காகத்தான் அவ்வளவு விலை. அதில் யார் முகம் தெரிகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். வீட்டில் நீங்கள் மட்டும் என்றால் சாதாரண டிவி போதும். இரண்டு பேர் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

நான் நேற்று சாயங்காலம்கூட ஒரு நொடி டிவியை அணைத்துப் பார்த்தேன், மேடம். நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.