விற்க முடியாத வீடு

துறைமுகத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் மாலத்தீவு போய்த் திரும்பிய சரக்குத் தோணிக்காரர்.

“ஏளா, விக்கவே முடியாத வீட்டை யாராவது கேட்டு வாங்குவாங்களா?”

“நான் மட்டுமா கேட்டேன்? தெருவே கேட்டுச்சு. நம்ம தெருவுல ஓட்டல் கட்டணும்னு வந்தவன், இடத்துக்குப் பதிலா ஊருக்கு வெளிய அடுக்குமாடியில வீடு தாரேன்னான். மாட்டோம்னுட்டோம். நிலம் தெருவுக்கே பொதுவா இருக்கட்டும், யாரும் தனியா விக்கக் கூடாதுன்னு பட்டா குடுக்க வந்த அதிகாரிங்ககிட்ட கேட்டோம். ஒத்துக்கிட்டாங்க.”

“நல்ல விலைக்கு வித்து, உன்னைய மாடி வச்ச மெத்தை வீட்டுல வைக்கணும்னு நெனச்சிருந்தேன்.”

“நீங்க கடலுக்குப் போனப்புறம் அங்கன நான் ஒத்தையில என்ன செய்ய? போன மாசம் எனக்கு நெஞ்சு அடைச்சுது. சுவத்தைத் தட்டுனேன். பக்கத்து வீட்டு ரோசம்மாதான் ஓடியாந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா.”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

“போன்ல சொல்லவே இல்லியே.”

“நடுக்கடல்ல இருக்கவுகளுக்குச் சொல்லி என்ன செய்ய? இப்ப ஒண்ணும் இல்ல.”

அதன் பிறகு அவர் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும் இடம் வந்ததும் பையைத் தோளில் மாட்டியபடி சொன்னார்:

“மொதல்ல ரோசம்மா வீட்டுக்குப் போவோம். உனக்குன்னு வாங்கியாந்த சென்ட்டை அவளுக்குக் குடுத்துருதேன்.”

“குடுங்க. அதுக்கு முந்தி நான் ஒருவாட்டி மோந்து பாத்துக்கிடுதேன்.”